மூன்றாம் மாடியில் வலி இல்லை

ஒரே மாதத்தில், ஒரே தெருவில் இரண்டு பேருக்கு இடுப்பு வலி வந்தது. ஒருவர் ஓய்வுபெற்ற கணக்காளர். இன்னொருவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இருவருக்கும் எழுபதை நெருங்கும் வயது. இருவருமே உட்காரும்போது ஐயோ என்றார்கள், எழும்போது அம்மா என்றார்கள். கணக்காளரை அவர் மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அவரைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பைக் கணுக் கணுவாகத் தட்டிப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லி, படம் எடுத்து, மாத்திரையும் பயிற்சியும் கொடுத்து அனுப்பினார்கள். கண்டக்டரை அவர் மகள் அதே ஆஸ்பத்திரிக்கு, அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர்மீது யாரும் விரல்கூட வைக்கவில்லை.

காரணம் இருந்தது. கண்டக்டர் நெடுங்காலமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வேலையில் இருந்தபோது ஒருநாள், கடைசி ட்ரிப்பில், ஆளே இல்லாத பஸ்ஸில் சீட்டு சீட்டாகப் போய் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். கூட்டம் நெரிகிறது, முன்னாடி நகருங்க என்று சத்தம் போட்டார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். பிறகு வைத்தியம், விடுப்பு, வைத்தியம். ஆள் தேறி அதே பஸ்ஸில் ஏறி, ஓய்வு பெறும் நாள் வரை நின்றுகொண்டே பயணம் செய்தார். காதில் கேட்ட குரல்கள் முழுசாகப் போகவில்லை. ஆனால் மரியாதை கற்றுக்கொண்டு, தாழ்ந்த சத்தத்தில் பேசப் பழகிவிட்டன.

டாக்டர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார்.

"எங்க வலிக்குது?"

"இடுப்புல டாக்டர். அங்கிருந்து இடது கால் வழியா கீழ இறங்குது."

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

கண்டக்டர் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் பார்த்தார். அந்த நொடியிலிருந்து கண்டக்டர் அந்த அறையில் இல்லாமல் போனார். டாக்டர் மகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பா நல்லா தூங்குறாரா?"

"வலியில எங்க டாக்டர் தூக்கம்" என்றார் கண்டக்டர்.

"அடிக்கடி கோபம் வருதா?" இதுவும் மகளிடம்.

"நான் இங்கதானே உக்காந்திருக்கேன். என்கிட்டயே கேக்கலாமே."

"வருது போல" என்று முணுமுணுத்து டாக்டர் கணினியில் தட்டினார்.

மகள் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் வேலையில் இருப்பவள். காலை முதல் மாலை வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு, 'உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்று சொல்லி, ஒன்றும் செய்யாமல் இணைப்பைத் துண்டிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். எனவே டாக்டர் அடுத்துச் சொன்னதை அவளால் வாய்க்குள்ளேயே கூடச் சேர்ந்து சொல்ல முடிந்தது.

"உங்க சிரமம் எனக்குப் புரியுது. ஆனா இந்த வலி உடம்புல இல்ல, மனசுல. இந்த மாதிரி மூத்தவங்களுக்குன்னே இப்ப ஒரு அருமையான மறுவாழ்வுத் திட்டம் வந்திருக்கு. அங்க போங்க."

மையம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மனநோயோடு தீராத வலியும் சேர்ந்த முதியவர்களுக்கான மையம் என்பதால், அதை மூன்றாம் மாடியில் வைத்தது யாருடைய யோசனை என்று கண்டக்டர் வாசலில் நின்ற காவலாளியைக் கேட்டார். லிஃப்ட் இருந்தது. விருந்தினர்களுக்கும் அலுவலர்களுக்கும் மட்டும் என்று அதன்மேல் அழகாக எழுதியிருந்தது. அதன் சாவியைக் காவலாளி இடுப்பில் சொருகியிருந்தார்.

"படி ஏறுறதுதான் முதல் பயிற்சி பெரியவரே. அப்படித்தான் சொல்லச் சொல்லியிருக்காங்க" என்றார் காவலாளி.

மகள் தோள் கொடுக்க, கண்டக்டர் ஏறினார். ஒவ்வொரு மாடியிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலிலேயே காத்திருந்த இயக்குநர் இரண்டு கையையும் விரித்தார். மெல்லிய குரல், மெல்லிய வாசனைத் தைலம், பேசும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுக்கொள்ளும் பழக்கம்.

"பாருங்க, ஏறியே வந்துட்டீங்க! முடியாதுன்னு நினைச்சீங்க இல்ல? வலி நிஜமா இருந்தா ஒரு மனுஷன் மூணு மாடி ஏற முடியுமா?"

"அப்ப ஏற முடியாதவங்க?" என்று மகள் கேட்டாள்.

"அவங்க சொந்த விருப்பத்துல திட்டத்தை விட்டு விலகினவங்க. அவங்க முடிவை நாங்க மதிக்கிறோம்" என்று இயக்குநர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார்.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு போகப் போகத்தான் புரியும். மேலே வந்தவர்களுக்கு வலி இல்லை, ஏனென்றால் வந்துவிட்டார்கள். வராதவர்களுக்கும் வலி இல்லை, ஏனென்றால் அவர்கள் வரவில்லை. ஆக, மையம் திறந்த நாளிலிருந்து மூன்றாம் மாடியில் வலியோடு ஒருவர்கூட இருந்ததில்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கும் வாய்க்காத பெருமை இது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இயக்குநர் அன்றே உரையாற்றினார்.

"அன்பானவர்களே, இங்கே ஒரே ஒரு கட்டுப்பாடுதான். 'வலி' என்ற சொல்லை நாம் பயன்படுத்துவதில்லை. அந்தச் சொல்தான் அதை வளர்க்கிறது. நாம் 'சவால்' என்று சொல்வோம். உங்களுக்குத் துணையாக இங்கே துணைவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் உங்களைப் போலவே மனநோயில் விழுந்து எழுந்தவர்கள், அவர்களுக்கும் சவால்கள் இருந்தன. அவர்கள்தான் எங்கள் திட்டத்தின் உயிர். அவர்களுக்கு நாங்கள் சம்பளம் கொடுப்பதில்லை. ஏன்? சம்பளம் கொடுத்தால் அவர்கள் ஊழியர்களாகிவிடுவார்கள். ஊழியர்கள் கேள்வி கேட்பார்கள். அன்பு கேள்வி கேட்காது."

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாதவர் ஒரு டிராயிங் டீச்சர் மட்டும். அவருக்கு மணிக்கட்டு வீங்கியிருந்தது.

அடுத்து, உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் படத்தில் தொட்டுக் காட்ட வேண்டும். மற்ற இடங்களில் இந்தப் படத்தில் சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகம் வரை இருக்கும். அழும் முகங்களைப் பார்த்தால் வருகிறவர்கள் சோர்ந்துபோகிறார்கள் என்று இந்த மையத்தில் அவற்றைக் கத்தரித்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவை புன்னகை, சிரிப்பு, பெருஞ்சிரிப்பு.

"இதுல என்னுது எதும்மா?" என்று கண்டக்டர் பயிற்சி கொடுக்கும் பெண்ணைக் கேட்டார்.

"ரொம்ப சவாலா இருந்தா புன்னகையைத் தொடுங்க ஐயா."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகையைத் தொட்டார்.

கண்டக்டருக்குக் கிடைத்த துணைவர், எல்லோரும் பட்டன் அக்கா என்று கூப்பிடும் பெண்மணி. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குப் பட்டன் வைத்தே கைவிரல்கள் கோணிப்போனவள். மனச்சோர்வில் விழுந்து, படுக்கையைவிட்டு எழாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தவள். கழுத்தில் 'மீண்டவர்' என்று ஓர் அட்டை தொங்கியது. பயிற்சியில் அவளுக்கு மூன்று வாக்கியங்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்ததும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள்.

"உங்களை நான் புரிந்துகொள்கிறேன். நானும் அந்தப் பாதையில் நடந்து வந்தவள்தான். மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்."

கண்டக்டர் இழுத்தார். இடுப்பில் சுரீர் என்றது. "ஐயோ, வலி" என்றார். பயிற்சிப் பெண் ஒரு சின்ன மணியை அடித்தாள்.

"சவால்" என்று திருத்திக்கொண்டார் கண்டக்டர்.

பட்டன் அக்கா கையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினாள். அந்த அறையில் அன்று நடந்த ஒரே நிஜமான சிரிப்பு அதுதான். அதற்குப் படத்தில் முகம் இல்லை.

பழக்கம் ஏற்பட்டது படியில்தான். பட்டன் அக்காவுக்கும் மூட்டு வலி உண்டு. மீண்டவர்களுக்கும் லிஃப்ட் கிடையாது. வாரம் மூன்று முறை இருவரும் இரண்டாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து இளைப்பாறினார்கள். அங்கே மணி இல்லை.

"அட்டையில மீண்டவர்னு போட்டிருக்காங்க அண்ணே. முட்டிக்கு மட்டும் யாரும் சொல்லல போல" என்று அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"நீ எப்படிம்மா எழுந்த? அந்த ஒரு வருஷப் படுக்கையிலேருந்து?"

"திடீர்னு எல்லாம் எழுந்துடல. மேல மைக்குல அப்படித்தான் சொல்லச் சொல்றாங்க, ஒருநாள் சூரியனைப் பாத்தேன் எழுந்துட்டேன்னு. பொய். பல்லு தேய்க்க ஒருநாள் எழுந்தேன். மறுநாள் எழல. அப்புறம் திரும்ப எழுந்தேன். அவ்வளவுதான்." பிறகு கேட்டாள்: "நீங்க காலைல எப்படி எழுந்திரிக்கிறீங்க?"

"படக்குனு நிமிர்ந்து உக்காருவேன். உயிரே போகும்."

"அப்படி எழுந்தா யாருக்குத்தான் போகாது? பக்கவாட்டுல புரளுங்க. ரெண்டு காலையும் முதல்ல கட்டிலுக்கு வெளிய விடுங்க. கையை ஊனிக்கிட்டு மெதுவா உடம்பைத் தூக்குங்க. எனக்கு ஆஸ்பத்திரியில கூடப் படுத்திருந்த பொம்பளை சொல்லிக் குடுத்தது."

மறுநாள் காலை கண்டக்டர் அப்படியே செய்தார். வலி போய்விடவில்லை. ஆனால் எழுந்தபின் அழ வேண்டியிருக்கவில்லை. ஆளில்லாத பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கதையை அவர் மகளிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அதைப் படித் திருப்பத்தில் பட்டன் அக்காவிடம் சொன்னார். அவள் முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொள்ளவில்லை. "கூட்டம் எவ்வளவு இருந்துச்சு? உக்கார இடமாவது இருந்துச்சா?" என்று கேட்டாள். கண்டக்டருக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு வந்தது.

மூன்றாம் மாடியிலோ திட்டம் தன் போக்கில் தீவிரமாகிக்கொண்டே போனது. முதலில் நன்றிப் பயிற்சி வந்தது. வேதனை தரும் உறுப்பின்மேல் கையை வைத்து அதற்கு நன்றி சொல்ல வேண்டும். "இடுப்பே, உனக்கு நன்றி" என்றார் கண்டக்டர். "எதற்கு என்று சொல்லுங்கள்" என்றாள் பயிற்சிப் பெண். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒத்துழைப்புக் குறைவு என்று பதிவானது. அப்புறம் பாராட்டுப் பயிற்சி. ஒருவர் மற்றவரின் சவாலைப் பாராட்ட வேண்டும். "உங்க மணிக்கட்டு ரொம்ப அழகா வீங்கியிருக்கு" என்று ஒரு கிழவர் டிராயிங் டீச்சரைப் பார்த்துச் சொன்னார். டீச்சர் அன்றிலிருந்து பேசுவதை நிறுத்திவிட்டார். அதை மன அமைதி என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கிடையில் கண்டக்டருக்கு வலி கூடியது. கூடுகிறது என்று சொன்னபோதெல்லாம் மையம் அவருடைய மனநல டாக்டருக்குத் தகவல் அனுப்பியது. அவர் மாத்திரையைக் கூட்டினார். மாத்திரை கூடக் கூட நாக்கு தடித்தது, வாயோரம் எச்சில் ஒழுகியது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் கேட்டவர் போய்விடுவார். கடைசியில் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வலி என்றால் மாத்திரை. வலி இல்லை என்றால் மாத்திரை இல்லை. மறுமுறை படத்தை நீட்டியபோது பெருஞ்சிரிப்பைத் தொட்டார்.

மையத்தில் கொண்டாட்டம். இயக்குநர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். கட்டிப்பிடித்த வேகத்தில் கண்டக்டருக்குக் கண் இருட்டியது.

"மகளே, பாத்தீங்களா உங்க அப்பாவை? எங்க திட்டத்தோட முகமே இவர்தான். அடுத்த வாரம் நிதி குடுக்கிறவங்க வர்றாங்க. இவரை மேடையில நடக்க வைக்கப்போறேன்."

"அவர் வீட்டுல சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறாரு சார்" என்றாள் மகள்.

"வீட்டுல நடக்கிறதுக்கு நாங்க பொறுப்பில்ல. உங்க கவலை எங்களுக்குப் புரியுது."

படி இறங்கும்போது அவள் சொன்னாள்: "இந்தக் குரலை எனக்குத் தெரியும்பா. நான் தினமும் பேசுற குரல். இதுக்கு அந்தப் பக்கம் யாருமே இருக்கமாட்டாங்க."

விழாவுக்கு முந்தின நாள், ஒத்திகைக்காக இருவரும் படி ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் முன்னால், பட்டன் அக்கா பின்னால். முதல் மாடி தாண்டியதும் அவரது இடது காலில் இருந்த செருப்பு கழன்று படியில் நின்றது. கண்டக்டர் நிற்காமல் ஏறிப் போனார்.

"அண்ணே, செருப்பு."

"என்ன செருப்பு?"

"உங்க செருப்பு. கழண்டு போனது தெரியலயா?"

அவர் குனிந்து தன் வெறும் காலைப் பார்த்தார். பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன பையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அவள் அவரைத் திருப்பத்தில் உட்கார வைத்து, பாதத்தைக் கையில் எடுத்துக் கட்டை விரலை அழுத்திக் கிள்ளினாள்.

"வலிக்குதா?"

"நீ இன்னும் கிள்ளவே இல்லையேம்மா."

அவள் முகம் மாறியது. அவர் தலை குனிந்தபடி சொன்னார்: "உக்கார்ற இடமும் மரத்துப்போன மாதிரி இருக்கு. காலைலேருந்து ஒண்ணுக்கும் வரல. மககிட்ட எப்படிச் சொல்றது?"

பட்டன் அக்காவுக்கு மருத்துவம் தெரியாது. அது என்ன நோய் என்று அவளால் ஊகிக்கக்கூட முடியவில்லை. பயம் மட்டும்தான் வந்தது. அந்தப் பயத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறி, இயக்குநரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள்.

"சார், அவருக்குக் கால் மரத்துப்போச்சு. சிறுநீர் போகல. உடனே ஒரு டாக்டர் பாக்கணும்."

இயக்குநர் மறுநாள் உரையைப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல்ல உக்காருங்க. இது அவர் சொன்னதா, நீங்க கேட்டதா?"

"நான் கிள்ளிப் பாத்தேன் சார்."

"கிள்ளினீங்களா?" அவர் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். "உங்களுக்கு மூணு வாக்கியம் குடுத்திருக்கோம். அதுல கிள்ளுறது எங்க வருது? துணைவர்னா கூட இருக்கிறவர். கூட இருந்து எதையாவது பாக்கிறவர் இல்ல. காதுல குரல் கேக்கிற மனுஷன் அவரு. இல்லாத கூட்டத்துக்கு டிக்கெட் குடுத்தவருக்கு, இருக்கிற காலு இல்லன்னு தோணாதா?"

"அதை உங்ககிட்ட யார் சொன்னது?"

"துணைவர்கள் பேசுறதை நாங்க அன்போட கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவள் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். பிறகு கேட்டாள்: "டாக்டரைக் கூப்பிடுவீங்களா, மாட்டீங்களா?"

"நாளைக்கு விழா முடியட்டும். உங்களுக்கும் ஓய்வு தேவைப்படுது. விழாவுக்கு அப்புறம் நீங்க வரவேண்டாம். உங்களுக்கே ஒரு துணைவரை ஏற்பாடு பண்றேன்."

அன்று சாயங்காலமே பட்டன் அக்கா கண்டக்டரின் மகளைத் தேடிப் போய்ச் சொன்னாள். மகள் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினாள். பெயரைக் கேட்டார்கள், பழைய பதிவைத் திறந்தார்கள், அவர் மறுவாழ்வுத் திட்டத்தில் இருக்கிறார், திட்டத்தின் அனுமதியோடு வாருங்கள் என்றார்கள். உங்கள் சிரமம் புரிகிறது என்றும் சொன்னார்கள். அவள் வாழ்நாளில் முதல்முறையாக அந்த வாக்கியத்தின் மறுமுனையில் இருந்தாள். விடிந்ததும் அனுமதியைக் கையோடு வாங்கிக்கொண்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள். மையத்திலோ, அனுமதி மேடைக்குப் பின்னால் கிடைக்கும், நிகழ்ச்சி முடிந்ததும் தருகிறோம் என்றார்கள். முதலில் நடை, பிறகு நோய்.

விழாவில் வாசலெங்கும் பூ. நிதி கொடுப்பவர்கள் லிஃப்ட்டில் வந்து இறங்கினார்கள். கண்டக்டரை மையத்து ஆட்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் படியில் ஏற்றி, மேடைக்குப் பின்னால் விட்டுவிட்டு, கையை எடுத்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே, வலிக்கு மருந்து கொடுப்பது பழைய முறை. அது செலவு. படம் எடுப்பது செலவு. நிபுணர் செலவு. நாங்கள் ஒரு எளிய உண்மையைக் கண்டுபிடித்தோம். நோயாளியைக் கவனிக்க இன்னொரு நோயாளி போதும். இருவரில் எவர் புகார் சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே புகார் வருவதில்லை. இதோ, எங்கள் வெற்றி நடந்து வருகிறது!"

கண்டக்டர் நடந்தார். இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. மேடை நடுவில் வந்து நின்றார். கை தட்டினார்கள். அவர் சிரிக்க முயன்றார், பழக்கம். அப்போது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா மூக்கைச் சுளித்துக் கீழே பார்த்தார். கண்டக்டரும் பார்த்தார். கால்சட்டை தொடையிலிருந்து கணுக்கால்வரை நனைந்து, மேடைப் பலகையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. தன்னிடமிருந்துதான் போகிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸின் கடைசிப் படியிலும் சீருடை கசங்காமல் நின்ற மனிதர், எல்லோர் முன்னாலும் இரண்டு கையாலும் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டார்.

"இதுதான் உணர்ச்சிகரமான தருணம்" என்றார் இயக்குநர் ஒலிபெருக்கியில். "உள்ளே தேங்கியதெல்லாம் வெளியேறுகிறது."

சிலர் மறுபடியும் கை தட்டினார்கள்.

பட்டன் அக்கா மேடையேறித் தன் துப்பட்டாவை அவர் இடுப்பில் சுற்றினாள். மகள் ஆம்புலன்ஸுக்குப் பேசிவிட்டு அப்பாவின் அக்குளில் தோளைக் கொடுத்தாள். மூன்று பேரும் லிஃப்ட் முன்னால் போய் நின்றார்கள். அன்று மேலே நிறுத்தப்பட்டிருந்த காவலாளி சாவியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"விருந்தாளிங்களுக்கு வெச்சிருக்கும்மா. நிகழ்ச்சி முடியப்போகுது."

வருஷக்கணக்காக யார் திட்டினாலும் குரலை உயர்த்தாமல் வேலை பார்த்தவள் மகள். அன்று அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தில் மண்டபத்தில் ஒலிபெருக்கி நின்றது. "திறடா!" காவலாளி திறந்தார்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர், மகள் நீட்டிய மாத்திரைப் பையைத் திறந்து பார்த்தார்.

"மனநோய் மாத்திரை சாப்பிடுறாரா?"

"சாப்பிடுறாரு. சாப்பாடும்தான் சாப்பிடுறாரு. நீ காலைப் பாரு" என்றாள் பட்டன் அக்கா.

அந்த டாக்டர் பார்த்தார். உள்ளங்காலில் சாவி முனையால் கீறினார். பிறகு வேறு சில இடங்களில் தொட்டுக் கேட்டார். அப்புறம் அவர் நடக்கவில்லை, ஓடினார். முதுகுத்தண்டின் அடியில், எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்புக் கொத்தையே நசுக்கியிருந்தது. அன்றைக்கே அறுத்தார்கள். கண்டக்டர் பிழைத்தார். ஆனால் இடது பாதம் அதற்குப் பிறகு தானாக எழவில்லை. சிறுநீருக்கு ஒரு குழாயும் பையும் நிரந்தரமாக வந்து சேர்ந்தன. "மரத்துப்போக ஆரம்பிச்ச அன்னிக்கே வந்திருந்தா இப்படி ஆயிருக்காது. ஏன் வரல?" என்று அறுவை மருத்துவர் மகளைக் கடிந்துகொண்டார். அவள் சிரித்த சிரிப்பில் அவர் பின்வாங்கினார்.

ஒரு வாரம் கழித்து இயக்குநர் பூங்கொத்தும் புகைப்படக்காரருமாக வார்டுக்கு வந்தார்.

"எங்க திட்டம் உங்களைச் சரியான நேரத்துல கண்டுபிடிச்சிருக்கு. ஆண்டறிக்கையில முதல் பக்கமே நீங்கதான்."

"கண்டுபிடிச்சது அந்தம்மா" என்றார் கண்டக்டர்.

"அவங்களும் திட்டம்தானே."

"அவங்களை வெளிய அனுப்பிட்டீங்களே."

"அது வேற. கண்டுபிடிச்சது திட்டம். எல்லை மீறினது அவங்க." இயக்குநர் கட்டிலருகே குனிந்து, சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். "அவங்க இடம் காலியா இருக்கு. நீங்க துணைவரா வரணும். முழுசா குணமானவங்களைப் பாத்தா ஜனங்களுக்கு நம்பிக்கை வர்றதில்ல. உங்க கால் இருக்கே, அது ரொம்பப் பொருத்தமான கால்."

கண்டக்டர் போர்வையை விலக்கினார்.

"இந்தக் காலைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க சார்."

"அது டாக்டர் வேலை."

"நோய் பாக்கத்தான் டாக்டர் வேணும். தொடுறதுக்கு டாக்டர் தேவையில்ல. தொடுங்க."

இயக்குநர் புகைப்படக்காரரைப் பார்த்தார். பின்பு கடிகாரத்தைப் பார்த்தார். கை மட்டும் நீளவில்லை.

இத்தனை வருஷ வேலையில் கண்டக்டர் யாரையும் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. டிக்கெட் இல்லாதவனைக்கூட அடுத்த நிறுத்தம் வரை பொறுத்துக்கொண்டவர்.

"இறங்குய்யா" என்றார்.

கண்டக்டர் வீட்டுக்குத் திரும்பியபின் பட்டன் அக்கா வந்து போனாள். நடைதாங்கியை முதலில் நகர்த்தி, பிறகு எடுத்து வைப்பது நல்ல காலா கெட்ட காலா என்பதில் இருவருக்கும் தினமும் சண்டை. அப்புறம் அவளோடு டிராயிங் டீச்சரும் வரத் தொடங்கினார். பேசமாட்டார், தேநீர் குடிப்பார், போவார். ஒருநாள் அவர் கோப்பையைத் தூக்க முடியாமல் மேசையிலேயே வைத்துவிட்டுக் குனிந்து உறிஞ்சினார். மணிக்கட்டு பந்துபோல் இருந்தது. மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் அன்று விடுப்பு போட்டாள்.

ஆஸ்பத்திரியில், அன்று கண்டக்டரைத் தொடாத அதே டாக்டர் நிமிர்ந்து பார்த்தபோது அறைக்குள் ஒரு நோயாளியும் மூன்று பேரும் ஒரு நடைதாங்கியும் இருந்தார்கள்.

"நீங்கெல்லாம் யாரு?"

"கூட வந்தவங்க" என்றாள் பட்டன் அக்கா.

"கூட வந்தவங்க வெளிய இருங்க."

"மாட்டோம்" என்றார் கண்டக்டர்.

"வெளிய எவ்வளவு கூட்டம் நிக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். நீங்க அவங்க கையைப் பாருங்க, நாங்க போறோம்."

டாக்டர் டீச்சரின் மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேரையும் பார்த்தார். காவலரைக் கூப்பிடும் மணிமேல் விரலை வைத்தார். யாரும் அசையவில்லை. பிறகு விரலை எடுத்துக்கொண்டு, பெருமூச்சோடு, டீச்சரின் மணிக்கட்டைக் கையில் எடுத்து ஓரிடத்தில் அழுத்தினார்.

மாதக்கணக்காக வாய் திறக்காத டீச்சர், வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கும்படி அலறினார்.

"அங்கதான்! அங்கதான் டாக்டர்!"